வாய்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

நெட்வொர்க் வேலையில் இருந்துகொண்டு வாய்ஸ் பக்கம், அதாவது நெட்வொர்க் வழியாக ஃபோன் கால்களைக் கொண்டுபோகும் வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களுக்குச் சென்னையில் கோர்ஸுக்குப் பஞ்சமே இல்லை. வடபழனியில் ஆரம்பித்து வேளச்சேரி வரை எங்கு திரும்பினாலும் ஒரு போர்டு. அப்படி ஓர் இடத்தில் சேர்ந்து, மல்லுக்கட்டி, ஒருவழியாக, நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோவின் 350-801 என்ற வாய்ஸ் தேர்வைப் பாஸ் செய்துவிட்டேன். இதில் மல்லுக்கட்டிய கதைதான் அதிகம் இருக்கும். இன்ஸ்டிட்யூட் பெயரை யாரும் கேட்க வேண்டாம், சொல்வதாக இல்லை.

எனக்கு ஓஎம்ஆரில் வேலை. ரவுட்டிங், ஸ்விட்சிங், ஃபயர்வால் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் பழைய பிஆர்ஐ ஃபோன் லைன்களை எடுத்துவிட்டு, ஐபி நெட்வொர்க் வழியாகவே வெளிக் கால்கள் போய்வரும் எஸ்ஐபி ட்ரங்குக்கு மாறினார்கள். "ஃபோனும் இப்ப ஐபிதானே, நெட்வொர்க் டீமே பாத்துக்கட்டும்" என்று மேனேஜர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கோர்ஸ் பணம், தேர்வுப் பணம் இரண்டையும் கம்பெனி திருப்பித் தரும். ஒழுங்கான பில்லும் பாஸ் ரிசல்ட்டும் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்ஸ்டிட்யூட் வாசலில் இருந்த போர்டைப் பார்த்தே நான் உஷாராகியிருக்கலாம். 'சிசிஎன்ஏ வாய்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தச் சான்றிதழுக்கான தேர்வையே 2014-இல் நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்த சிசிஎன்ஏ கொலாபரேஷனும் 2020 பிப்ரவரியோடு போய்விட்டது. இப்போது நேராக சிசிஎன்பி கொலாபரேஷன்தான்: ஒரு கோர் தேர்வு (நான் எழுதிய 350-801), நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு கான்சென்ட்ரேஷன் தேர்வு, முன்தகுதி எதுவும் கிடையாது. ஆனால் உள்ளே இருந்த கவுன்சிலர், "சிசிஎன்ஏ வாய்ஸ் முடிச்சாத்தான் சார் அடுத்த லெவல்" என்று இரண்டு கோர்ஸுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். ஃபோனில் சிஸ்கோ தளத்தைத் திறந்து காட்டினேன். அசரவே இல்லை. "அது ஃபாரின் ஸ்டூடன்ட்ஸுக்கு சார்" என்றார்.

ஒரு கோர்ஸுக்கு மட்டும்தான் பணம் கட்டுவேன் என்றதும் இறங்கி வந்தார். அடுத்தது பில் பஞ்சாயத்து. "பில் வேணாம்னா 18 பர்சென்ட் குறைச்சுக்கலாம் சார்." ஜிஎஸ்டி எண்ணோடு பில் வேண்டும், லேப் எத்தனை மணி நேரம், தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சர் இந்தத் தொகையில் அடக்கமா என்பதையெல்லாம் மெயிலில் அனுப்புங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே அனுப்பினார். நீங்களும் இதை விடாதீர்கள். வாயால் சொன்னது எதுவும் பின்னால் செல்லுபடியாகாது.

வகுப்பு தொடங்கியது. முதல் சில வாரம் ஸ்லைடு. பரவாயில்லை ரகம்.

லேப்தான் கூத்து. சொன்னபடி கருவிகள் அடுக்கிய ரேக் இருந்தது, ஃபோன்களை நிர்வகிக்கும் சிஸ்கோவின் கால் மேனேஜரும் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒரு ஃபோனைச் சேர்க்கப் போனால் சேராது. சோதனை உரிமம் காலாவதியாகி எவ்வளவு நாளாயிற்றோ, முந்தைய பேட்ச் பசங்க சேர்த்துவைத்த எக்ஸ்டென்ஷன்களை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். லேப் பையனைக் கேட்டால், "ரீஇன்ஸ்டால் பண்ணணும் சார், அடுத்த வாரம் பண்ணிடுவாங்க" என்பான். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. வாரக்கடைசியில் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போய், எந்த எண்ணை அழுத்தினால் கால் எங்கே போகும் என்று இன்னொருவன் கட்டிவைத்த டயல் பிளானைப் பார்த்துவிட்டு வருவதற்கா இவ்வளவு பணம்? சேருவதற்கு முன் லேபில் உட்கார்ந்து, உங்கள் கையால் ஒரு புது எக்ஸ்டென்ஷன் உருவாக்கி, அதற்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் சேர வேண்டாம்.

வெறுத்துப்போய் வீட்டிலேயே லேப் போடலாம் என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் சிஸ்கோ 7940 மாடல் பழைய ஃபோன் கிடைத்தது. "அடாப்டர் தேவையே இல்ல பிரதர், பிஓஇ ஸ்விட்ச்ல சொருகினா போதும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பது. வீட்டுக்கு வந்து சொருகினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. 7940, 7960 இரண்டும் 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரம் வருவதற்கு முந்தைய சிஸ்கோவின் சொந்த முறையில்தான் கேபிள் வழியாக மின்சாரம் எடுக்கும். சாதாரண பிஓஇ ஸ்விட்சுக்கு அந்த ஃபோனை அடையாளமே தெரியாது. தனியாக 48 வோல்ட் அடாப்டர் வேண்டும். மறுபடி அதே கடை, மறுபடி பார்க்கிங் தேடி அலைச்சல், அடாப்டருக்குத் தனி விலை. பழைய ஃபோன்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 7941, 7961 என்று அதற்கடுத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட உத்தமம், ஃபோனே வாங்காமல் லேப்டாப்பில் ஆஸ்டரிஸ்க் என்ற ஃபோன் சர்வர் சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்வது. மார்க் ஸ்பென்சர் 1999-இல் எழுதத் தொடங்கியது, இலவசம். மொபைலில் ஒரு சாஃப்ட்ஃபோன் ஆப் போட்டால் அதுவே எக்ஸ்டென்ஷன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் ஃபேகல்ட்டி வேறு வேலை கிடைத்துப் பாதியில் கழன்றுகொண்டார். ஆள் கிடைக்காத அவசரத்துக்கு இன்ஸ்டிட்யூட் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலேயே சர்வீஸ் முழுதும் கழித்து ஓய்வு பெற்றவர். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். கட்டிய பணத்துக்கு எனக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அது அவரிடம்தான்.

வந்த அன்றைக்கே கேட்டார்: "நெட்வொர்க் நல்லா இருக்குன்னு எப்படிப்பா சொல்லுவீங்க?" பிங் போகுது சார் என்றோம். "பிங் போறது வேற, பேச்சு போறது வேற" என்று போர்டு பக்கம் திரும்பினார். குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 முறை என்றால் 64 கேபிபிஎஸ் என்றுதான் எல்லோரும் ஒப்பிப்பார்கள். 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட், விநாடிக்கு 50 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், அதன் தலையில் ஐபி, யூடிபி, ஆர்டிபி ஹெடர் 40 பைட். கூட்டிப் பார்த்தால் 80 கேபிபிஎஸ், ஈதர்நெட் ஹெடர் தனி. குரலைச் சுருக்கி அனுப்பும், 8 கேபிபிஎஸ் என்று சொல்கிற ஜி.729-க்கும் இதே 40 பைட் சுமைதான், அதனால் அது 24 ஆகிவிடும். பிராஞ்ச் ஆபீஸ் லிங்கில் கணக்கு உதைப்பது இங்கேதான்.

தொலைந்த பாக்கெட்டை டிசிபி மாதிரி திருப்பிக் கேட்டால் என்ன என்று ஒருவன் கேட்டான். "பந்தி எந்திரிச்சப்புறம் சாம்பார் வந்து என்னடா பிரயோசனம்?" என்றார். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு சொல்வதும், குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி போட்டு முன்வரிசையில் அனுப்புவதும் எதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த முன்னுரிமைக்கான க்யூஓஎஸ் கமாண்டுகளை அதற்கு முன் எத்தனையோ தடவை அடித்திருப்பேன்.

எத்தனை லைன் வாங்க வேண்டும் என்ற கணக்கையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். எர்லாங் என்ற டென்மார்க்காரர் நூறு வருடம் முன்பே போட்டுவைத்த கணக்கு. உச்ச மணி நேரத்தில் 100 கால், சராசரி 3 நிமிடம் என்றால் 300 நிமிடம், அதாவது 5 மணி நேரப் பேச்சு, அவர் பெயரிலேயே 5 எர்லாங். நூற்றில் ஒரு கால் பிஸி டோன் வாங்கினாலும் பரவாயில்லை என்றால் 11 லைன் போதும். நான் ஆபீஸ் கால் ரெக்கார்டுகளை எடுத்து இதே கணக்கைப் போட்டுக் காட்டியதும் மேனேஜர் ட்ரங்க் சேனலைக் குறைத்து ஆர்டர் போட்டார். பெயர் அவருக்குப் போயிற்று, அது வேறு கதை.

ஒரு நாள் எங்கள் ஆபீஸ் தொல்லையை அவரிடம் கொண்டுபோனேன். புது ட்ரங்கில் வெளியிலிருந்து வரும் சில கால் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிடும். லைன் கொடுத்தவர்கள் "எங்க சைடு கிளியர்" என்று டிக்கெட்டை மூடுவதிலேயே குறியாக இருந்தார்கள். "எத்தனாவது விநாடியில கட்டாகுது?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "பாத்துட்டு வா." மறுநாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். பேச ஆரம்பித்து 32 விநாடி, ஒவ்வொரு தடவையும். அவரிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். ஃபோனை எடுத்ததும் நம் பக்கத்திலிருந்து 200 ஓகே என்ற 'எடுத்தாயிற்று' செய்தி போகும். அதற்கு ஏசிகே என்ற ஒப்புகை திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் திரும்பத் திரும்ப 200 ஓகே அனுப்பிப் பார்த்துவிட்டு, 32 விநாடியில் கைவிட்டு காலை வெட்டிவிடும். எஸ்ஐபி விதிகளைச் சொல்லும், 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 ஆவணத்திலேயே இருக்கிறது, அரை விநாடி டைமரின் 64 மடங்கு.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் டெலிஃபோனி மெனுவில் போய் அந்தக் காலைப் படமாக விரித்துப் பார்த்தேன். 200 ஓகே, 200 ஓகே, 200 ஓகே என்று ஒரே பக்கம் அம்புக்குறிகள். ஏசிகே எங்கே வர வேண்டும் என்று சொல்லும் கான்டாக்ட் வரியில் எங்கள் உள் நெட்வொர்க்கின் 192.168 முகவரி அப்படியே வெளியே போயிருந்தது. அந்த முகவரிக்கு வெளியிலிருந்து ஏசிகே எப்படி வரும்? ஃபயர்வாலில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒன்று பாக்கெட்டில் இருக்கும் முகவரிகளில் பாதியைத் திருத்தி மீதியைத் திருத்தாமல் விட்டுக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, வெளி முகவரியை, ட்ரங்குக்கு வாசல் காக்கும் எஸ்பிசி-யிலேயே கொடுத்தேன். கால் கட்டாவது நின்றது. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்று வரும் புகார்களிலும் பெரும்பாலும், குரல் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று சொல்லும் எஸ்டிபி-யின் 'சி' வரியில் இதே 192.168 உட்கார்ந்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

கோர்ஸ் மெட்டீரியல் எல்லாம் அமெரிக்க டயல் பிளானிலேயே இருக்கும். நம் ஊர்ச் சட்டத்தைப் பற்றி அதில் ஒரு வரி வராது, இன்டர்வியூவில் மட்டும் கேட்பார்கள். இங்கே ஆபீஸ்களுக்கு நடுவில் போகும் ஐபி லிங்கில் காலைக் கொண்டுபோய் இன்னொரு ஊரில் பொதுத் தொலைபேசி லைனில் இறக்கி எஸ்டிடி காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. டோல் பைபாஸ் என்பார்கள். இப்படிப்பட்ட கால்களைத் தடுக்கவே கால் மேனேஜரில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்று ஒரு வசதி இருக்கிறது. கால் சென்டர்கள் அரசிடம் செய்ய வேண்டியிருந்த ஓஎஸ்பி பதிவை 2020 நவம்பரில் எடுத்துவிட்டார்கள், 2021 ஜூனில் இன்னும் தளர்த்தினார்கள். பைபாஸ் கூடாது என்பது அப்படியேதான் இருக்கிறது.

சரி, தேர்வுக்கு வருவோம். 400 டாலர் வவுச்சர், 120 நிமிடம். புக்கிங்கை இன்ஸ்டிட்யூட்டே செய்தது. ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு மையத்துக்குப் போனால், மேஜையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், திரும்பப் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார். "சார், லாஸ்ட் நேம்ல 'எம்'னு மட்டும் இருக்கு. பாஸ்போர்ட்ல முழுப் பேர் இருக்கு. உள்ள விட முடியாது சார்." அப்பா பெயரின் முதலெழுத்தை லாஸ்ட் நேம் கட்டத்தில் போட்டு அனுப்பியிருக்கிறான் இன்ஸ்டிட்யூட் பையன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. நம்மில் பல பேருக்கு ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அதுவே சர்நேம். சிலருக்குச் சர்நேம் கட்டமே காலி. இனிஷியல் என்றால் என்னவென்றே அறியாதவன் எழுதிய சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் புரியாது. தேர்வுக்கு வராதவன் என்று கணக்கு எழுதப்பட்டு வவுச்சர் காலி.

இன்ஸ்டிட்யூட்டில் கேட்டால், "நீங்க வேற ஐடி எடுத்துட்டுப் போயிருக்கலாமே சார்" என்கிறார் கவுன்சிலர். சேரும்போதே பாஸ்போர்ட் நகலை மெயிலில் அனுப்பியிருந்தேன். வவுச்சர் தொகையில் அடக்கம் என்ற அவருடைய மெயிலும், ஜிஎஸ்டி பில்லும் கையில். மூன்றையும் இணைத்து, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணையும் போட்டு ஒரு மெயில் தட்டினேன். அதுவரை மீட்டிங்கில் இருந்த டைரக்டர் அவராகவே ஃபோன் செய்தார். "இதுக்கெல்லாம் எதுக்கு சார் கம்ப்ளைன்ட், நம்ம பேசித் தீர்த்துக்கலாமே" என்றார். புது வவுச்சர் அந்த வாரமே வந்தது.

புக்கிங்கை இந்தத் தடவை நானே செய்தேன். அக்கவுன்ட்டில் பெயரை நாமாக மாற்ற முடியாது, அடையாள அட்டை நகலோடு சப்போர்ட்டுக்கு எழுதித்தான் மாற்ற வேண்டும். தேதி எடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பெரியவர் வகுப்பில் உட்கார்ந்தவனுக்கு க்யூஓஎஸ் கேள்விகள் தண்ணிபட்ட பாடு.

கான்சென்ட்ரேஷன் தேர்வுக்கு எந்த இன்ஸ்டிட்யூட்டுக்கும் போகவில்லை. ஆஸ்டரிஸ்க், வயர்ஷார்க், சந்தேகம் வந்தால் பெரியவருக்கு ஒரு ஃபோன். கம்பெனியில் கோர்ஸ் பணம் வந்துவிட்டது. தேர்வுப் பணம் மட்டும் அக்கவுன்ட்ஸில் நிற்கிறது, வவுச்சரைப் பில்லில் தனி வரியாகக் காட்டவில்லையாம். சேரும்போதே தனி வரியாகப் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.