அவதானப்பட்டியில் படகு, ஊர் ஏரியில் தூண்டில்

கிருஷ்ணகிரிக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்றால் ஒகேனக்கல்லுக்குப் போவார்கள்; அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணைப் பூங்காவோடு நிறுத்திக்கொள்வார்கள். பொங்கல் விடுமுறையில் வந்திருந்த அக்கா பிள்ளைகள் கேட்டதோ வேறு. படகும் ஓட்ட வேண்டும், மீனும் பிடிக்க வேண்டும், நீந்தவும் வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்றார்கள். நம் பக்கத்து ஏரிகளில் அது நடக்காது என்பதே என் கருத்து. ஏன் நடக்காது என்பது ஏரியின் அமைப்பைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

நம் ஏரிகள் தானாக உண்டான நீர்நிலைகள் அல்ல. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை போட்டு, மழைநீரை மறித்து, மதகு வழியாக வயலுக்கு விடுவதற்காக வெட்டப்பட்டவை. ஆகவே தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் முழங்கால் அளவே இருக்கும். கரையையும் மதகையும் நெருங்க நெருங்க ஆழம் கூடிக்கொண்டே போகும். இதனால் படகுக்கு ஏற்ற பக்கம் நீச்சலுக்கு ஆகாது; நீச்சல் பழகுபவனுக்குப் பாதுகாப்பான பக்கத்தில் படகு தரை தட்டும். தூண்டில்காரனுக்கோ இவை இரண்டுக்கும் எட்டாத, ஆளரவமற்ற ஒரு மூலை வேண்டும்.

படகுக்கு அவதானப்பட்டி ஏரியைத்தான் தேர்ந்தெடுத்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி செல்லும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் வழி தேட வேண்டியதில்லை. படகு இல்லமும் சிறுவர் பூங்காவும் அங்கே உண்டு. மோட்டார் படகில் ஏறினால் தண்ணீரைப் பார்ப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும் என்பதால், எனக்கு எப்போதுமே மிதி படகுதான் பிடிக்கும். காற்று எதிரே அடிக்கும்போது மிதிப்பது பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும் வேலை. மிதிப்பதை நிறுத்தினால் படகு தன் போக்கில் திரும்பிக் கரையை நோக்கி ஒதுங்கத் தொடங்கும். எனவே போகும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வருவதே நல்லது. உயிர்காப்பு உடையின் பட்டைகளை இறுக்கிக் கட்டுவதில் பிள்ளைகள் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தளர்வாகப் போட்ட உடை, தண்ணீரில் விழுந்ததும் மேலே ஏறி முகத்தை மறைக்குமே தவிரக் காப்பாற்றாது. நடு ஏரியில் மிதிப்பதை நிறுத்திச் சற்றுநேரம் பேசாமல் இருந்தபோது, முக்குளிப்பான் பறவை ஒன்று படகுக்கு அருகிலேயே முங்கி, நாங்கள் எதிர்பாராத திசையில் தலை நீட்டியது. அடுத்து எங்கே எழும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டியதில், கொடுத்த நேரம் முழுவதும் அதிலேயே கழிந்தது.

தூண்டிலுக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்திலுள்ள அக்காவின் ஊர் ஏரிக்குப் போனோம். பொது ஏரி என்பதாலேயே அதிலுள்ள மீனும் பொதுச்சொத்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மீன் பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் குத்தகை எடுத்தவர் இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டே தூண்டில் போட வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரி நீரில் அவை பெருகுவதில்லை. ஆகவே குத்தகைக்காரர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டால்தான் ஏரியில் அவை இருக்கும். கேட்காமல் பிடித்தால் அவருக்குக் கோபம் வருவது நியாயமே. ஜிலேபி மீனின் கதை வேறு. 1952ஆம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீனை யாரும் வளர்த்துவிட வேண்டியதில்லை. ஆண் மீன் ஆழமில்லாத சேற்றில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். கோடையில் ஏரி உள்வாங்கும்போது காய்ந்த சேற்றில் தாம்பாளம் போல வரிசையாகத் தெரியும் பள்ளங்கள் இந்த மீனின் வேலைதான். தூண்டிலில் ஜிலேபி மட்டும் என்றால் தாராளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எங்களுக்கு அனுமதி கிடைத்ததும் இதனால்தான்.

ஏரிக்கரையில் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், மயில் இறகின் தண்டைத் தக்கையாகக் கட்டி, மைதா மாவை மிளகு அளவுக்கு உருட்டி முள்ளில் செருகிக்கொண்டிருந்தார். என் மருமகன் தக்கை அசைந்த ஒவ்வொரு முறையும் கோலைத் தூக்க, ஒவ்வொரு முறையும் வெறும் முள்ளே வந்தது. “ஆடறப்போ தூக்காத கண்ணு, அது மோந்து பாக்குது, அமுங்குறப்போ தூக்கு” என்றார் அவர். அதன்பின் உள்ளங்கை அகலத்தில் ஒன்று மாட்டியது. முதுகு முள் குத்தாமல் இருக்க, தலைப் பக்கத்திலிருந்து வாலை நோக்கிக் கையால் நீவி, முள்வரிசையை அமுக்கியபடியே பிடிக்க வேண்டும் என்பதையும் அவரே காட்டிக்கொடுத்தார். எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. மச்சானுக்குப் பாசி நிறையவே சிக்கியது.

நீச்சலில்தான் நான் கறாராக இருந்தேன். கரை போடும்போதும் பின்னர் உயர்த்தும்போதும் பக்கத்திலேயே மண் எடுத்திருப்பார்கள்; 2017ஆம் ஆண்டு முதல் விவசாயிகள் இலவசமாக வண்டல் மண் அள்ளிக்கொள்ளவும் அரசு அனுமதித்தது. வயலுக்கு வண்டல் நல்லதுதான், ஏரியும் தூர் எடுபடுகிறது. ஆனால் ஏரி நிறைந்தபின் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது. இடுப்பளவு நீரில் நடந்துகொண்டிருப்பவன் அடுத்த அடியில் தலைக்குமேல் நீருள்ள இடத்தில் விழுவது இப்படித்தான். ஆகவே வறண்ட கோடையில் அந்த ஏரியின் தரையைப் பார்த்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் துணை இல்லாமல் இறங்கவே கூடாது. நாங்கள் துணி துவைக்கும் படித்துறைக்குப் பக்கத்தில், சரளை கலந்த மொரம்பு மண் உள்ள மேட்டுப் பகுதியில் மட்டும் இறங்கினோம். பெரியவனுக்கு இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனும், சின்னவளுக்கு என் கையும்தான் துணை. மதகுப் பக்கம் யாரையும் விடவில்லை. மதகு திறந்திருந்தால் மேலே தண்ணீர் அசையாமல் கிடப்பது போலிருந்தாலும் அடியில் ஆளை இழுக்கும் வேகம் இருக்கும்.

கே.ஆர்.பி. அணைக்கு வரும் தென்பெண்ணை ஆற்று நீரில் பிள்ளைகளை இறக்க எனக்கு விருப்பமில்லை. பெங்களூருப் பகுதியின் கழிவு கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருவதைப் பார்த்த யாருக்கும் அந்த எண்ணம் வராது.

திரும்பும் வழியில் கே.ஆர்.பி. அணைக்குப் போனது சாப்பிடுவதற்காகத்தான். 1957ஆம் ஆண்டு காமராசர் முதலமைச்சராக இருந்தபோது திறக்கப்பட்ட அணை. ஆனாலும் அங்கு வருபவர்களில் பாதிப்பேர் அணையின் முழு அளவான 52 அடிக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பதைவிட, மீன் வறுவல் கடையில் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்றுதான் பார்க்கிறார்கள். மசாலா தடவி வைத்திருப்பதில் நாமே மீனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள். பெரிய கட்லாத் துண்டைவிட, குறுக்கே கீறிய முழு ஜிலேபியில்தான் மசாலா உள்ளே இறங்கும்.  போக நினைப்பவர்கள் கார்த்திகை முதல் மாசி வரைக்குள் போய்வாருங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டானால் ஏரி நிறைந்து வழிந்து கோடி போயிருக்கும், வெயிலும் தாங்கும்படி இருக்கும். சித்திரையில் போனால் படகுத்துறைக்கும் தண்ணீருக்கும் இடையே சேறுதான் கிடக்கும்.