கிடேரியின் பல்லில் தொடங்கிய தீவனப் பரிசோதனை

இரண்டு பல் போட்டிருந்த எங்கள் கிடேரியின் கீழுதட்டை இழுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், தீவனம் எந்த நிலத்திலிருந்து வருகிறது என்றுதான் முதலில் கேட்டார். புதிதாக முளைத்திருந்த அந்த இரு பற்களிலும் சுண்ணாம்பு தீற்றியது போன்ற வெண்திட்டுகளும், அவற்றின் நடுவே பழுப்புக் கீற்றுகளும், இரண்டிலும் ஒரே உயரத்தில் தெரிந்தன. வளர்ந்த பிறகு வாங்கி வந்த பசுக்களின் பற்களில் கறையே இல்லை. ஆனால் அவற்றில் ஒன்று சில மாதங்களாகக் காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருந்தது. நிலைப்பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் உடலில் சேரும் ஃபுளோரைடு மட்டுமே பல்லில் கறையாகப் பதியும் என்றும், அதன் பிறகு சேர்வது எலும்பில் தங்கும் என்றும் அவர் விளக்கியபோதுதான், இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பது எனக்குப் புரிந்தது.

முதலில் கிணற்று நீரைத்தான் சந்தேகித்தோம். மனிதரின் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற அளவுக்கும் கீழேதான் அதில் ஃபுளோரைடு இருந்தது. எஞ்சியது தீவனம். எங்கள் நிலத்துக்குக் காற்று வரும் திசையில் செங்கல் சூளைகள் வரிசையாக இருக்கின்றன. களிமண்ணில் இயல்பாகவே உள்ள ஃபுளோரின், சூளையின் கடும் வெப்பத்தில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவாக வெளியேறுகிறது. அலுமினிய உருக்காலைகளும் பாஸ்பேட் உர ஆலைகளும் இவ்வகை மாசின் பெரிய ஊற்றுகள் என்பது முன்பே தெரியும். சூளைப் புகையை மட்டும் நாங்கள் வெறும் கரியாகவே எண்ணியிருந்தோம்.

புல்லின் நுனி காய்ந்திருந்ததை நான் அதற்கு முன்பே கவனித்திருந்தேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சவும் செய்தேன். உண்மையில், இலைத்துளைகள் வழியே நுழையும் வாயு இலையின் ஈரத்தில் கரைந்து, நீரோட்டத்தோடு நுனிக்கும் விளிம்புக்கும் சென்று, அங்கேயே குவிகிறது. பச்சைப் பகுதிக்கும் காய்ந்த பகுதிக்கும் இடையே கோடு கிழித்தாற்போல ஒரு செம்பழுப்பு விளிம்பு இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். இதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு: பல தீவனப் புற்கள் எந்தக் கருகலும் காட்டாமல் செழித்து நிற்கும்போதே, மாட்டுக்குத் தீங்கு செய்யும் அளவுக்கு ஃபுளோரைடைச் சேர்த்து வைத்திருக்கும்.

பரிசோதனைக்கு நான் முதலில் கொண்டுபோன மாதிரி வீணானது. ஒரே மூலையில் வேரோடு பிடுங்கிய புல் அது. மண்ணில் ஒரு கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஃபுளோரைடு இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், ஒட்டியிருக்கும் சிறிது மண்ணே முடிவைக் கெடுத்துவிடும். வேர் வழியாகச் செடி எடுத்துக்கொள்வதோ பெரும்பாலான பயிர்களில் மிகக் குறைவு. தேயிலை போன்ற சில செடிகளே இதற்கு விலக்கு. அடுத்த முறை, மாடு மேயும் உயரத்தில், வயலின் பல இடங்களிலிருந்து கத்தரியால் நறுக்கி, ஒன்றாகக் கலந்து இரு பங்காக்கினேன். ஒரு பங்கைக் கழுவாமலும் மற்றொன்றை நன்கு அலசியும் கொடுத்தோம். சூளைகளுக்கு எதிர்ப்புறம் தள்ளியிருக்கும் நிலத்துப் புல்லையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்தோம்.

உலர் எடையில் கணக்கிட்டபோது, சூளைப் பக்கத்துப் புல்லில் ஃபுளோரைடு 72 பி.பி.எம். (அதாவது கிலோவுக்கு 72 மில்லிகிராம்) இருந்தது, கழுவிய பங்கில் 51. தள்ளியிருந்த நிலத்தில் 9 மட்டுமே. கழுவியதும் குறைந்தது இலைமேல் படிந்த தூசி. கழுவியும் போகாதது இலைக்குள் புகுந்த வாயு. கறவை மாட்டுத் தீவனத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, ஆண்டுச் சராசரியாக 40 பி.பி.எம். மாதத்துக்கு மாதம் அளவு ஏறி இறங்குவதால், ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, மாதந்தோறும் எடுத்தோம். மழை பெய்து புல் வேகமாக வளர்ந்த மாதங்களில் அளவு தணிந்தது, வளர்ச்சி நின்ற மாதங்களில் மீண்டும் ஏறியது.

அதன் பிறகு, பல் முழுதாகப் போடாத இளம் உருப்படிகளுக்கு அந்த வயலின் புல்லை அடியோடு நிறுத்திவிட்டு, தள்ளியிருக்கும் நிலத்து வைக்கோலையே கொடுக்கிறோம். வளர்ந்த மாடுகளுக்கு இரண்டையும் கலந்து, சராசரி வரம்புக்குக் கீழே வருமாறு பார்த்துக்கொள்கிறோம். ஃபுளோரைடு பெரும்பாலும் இலையில்தான் தங்கும், தானிய மணிகளுக்குச் சிறிதளவே போகும் என்பதால், சூளையை ஒட்டிய பாத்திகளில் இப்போது தானியத்துக்காக மட்டுமே சோளம் போடுகிறோம். அதன் தட்டை மாட்டுக்குப் போவதில்லை. நொண்டிய பசுவின் சிறுநீரில் அளவு முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைந்து வருகிறது. எலும்பில் சேர்ந்தது மெல்லத்தான் வெளியேறும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

கிடேரி இப்போது நான்கு பல் போட்டுவிட்டது. தீவனத்தை மாற்றும்போதே தாடைக்குள் உருவாகிக்கொண்டிருந்த அந்தப் பற்களிலும் கறை இருக்கிறது, முதல் இரண்டைவிட வெளிறலாக. தீவனத்தை மாற்றிய பிறகு பிறந்த கன்று இன்னும் பாற்பற்களோடு இருக்கிறது.