முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கள் வீட்டில்

கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறேன். கைமுறுக்கு சுற்றத் தரையில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. இடுப்பில் எல் 4 – எல் 5 முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, நரம்பை அழுத்தி, வலி வலது கால் பெருவிரல் வரை சுண்டி இழுத்தது. மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று. பாதத்தைத் தூக்கும் பலமும் குறையத் தொடங்கியதும் மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். கால்வலி உடனே விட்டது. மறுநாளே நடக்கவும் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. முதல் 6 வாரத்துக்குக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, இடுப்பைத் திருக்கக் கூடாது. செட்டிநாட்டு வீட்டில் இதைக் கடைப்பிடித்துப் பாருங்கள்! கட்டுக்குக் கட்டு, அதாவது வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும், உயரமான நிலைப்படி. கழிப்பறையோ கொல்லைப் பக்கம், அதுவும் குத்தவைத்து உட்காருவது. நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி அதன்மேல் போட்டோம். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொடுக்கும், முக்கினால் முதுகு பிடிக்கும். ஆகவே கீரையும் தண்ணீரும் மருந்து மாதிரியே முக்கியம். இதை யாரும் வெளியே பேசுவதில்லை.

படுக்கையிலிருந்து எழுவதைத்தான் பிசியோதெரபி பெண் திரும்பத் திரும்பப் பழக்கினாள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகவே பக்கவாட்டில் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். நிலைப்படிக்கும் ஒரு முறை உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலம் குறைந்த கால் முதலில். ஆத்தங்குடி டைல்ஸ் தரை ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால் ரப்பர் செருப்போடு நடந்தேன். வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முகம் சுளித்தார். சுளித்துவிட்டுப் போகட்டும்.

பார்க்க வந்தவர்கள், "மூணு மாசம் அசையாமப் படுத்துக் கிட ஆத்தா" என்றார்கள். அந்தப் பெண்ணோ, "படுத்தே இருந்தா தசை இளைச்சுப் போகும் ஆச்சி, நடங்க" என்றாள். அவள் பேச்சைத்தான் கேட்டேன். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிய தாழ்வாரம் வெயில் படாமல், மேடுபள்ளம் இல்லாமல் நடக்கத் தோதாக இருந்தது. களைக்கும் முன்பே நிறுத்திவிட்டு, கொஞ்சம் கழித்து மறுபடி நடப்பேன். உட்காருவதுதான் நடப்பதைவிடக் கடினம். 20 நிமிடம் ஆனால் எழுந்துவிடுவேன், எதிரில் விருந்தாளி இருந்தாலும் சரி. இடுப்பு பெல்ட் பயணத்துக்கு மட்டும். எப்போதும் கட்டியிருந்தால் தசை சோம்பேறியாகிவிடுமாம்.

தையல் ஆறிய பிறகு வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடிப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது என்று பயிற்சிகள் கூடின. முதுகு லேசாக இழுத்தால் பரவாயில்லை, வலி காலுக்கு இறங்கினால் நிறுத்த வேண்டும் என்பது கணக்கு. காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, நமக்கே தெரியாமல் கசிந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

இப்போது முறுக்கு சுற்றுவது மேசையில். மாவு மூட்டையைத் தூக்க ஆள் வைத்திருக்கிறேன், லாபத்தில் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. பெருவிரல் மட்டும் இன்னும் மரமரவென்றுதான் இருக்கிறது. நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் டாக்டர்.