ஈர நெல்லும் பிந்திய விலையும்

28.01.2025, செவ்வாய்

வயல் வட்டைக்குள் நெல் வெட்டு மெசின் இறங்கிவிட்டது. கார்த்திகை வெள்ளம் தின்றது போக, போன கிழமை மழை நனைத்தது போக, மிஞ்சியதை வெட்டுகிறோம். எனக்கு நாலு ஏக்கர். மெசின்காரனுக்குக் கையில் காசு வைத்தால்தான் இறங்குவான். உரக் கடைக்காரரும் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரை முழுக்க ஒரே கேள்விதான்: அரசாங்கம் நெல் வாங்குகிற விலை என்ன? இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

01.02.2025, சனி

விற்றுவிட்டேன். வியாபாரி மூடைக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தார். சத்தம் வரவில்லை. "ஈரம் சேர், கிலோ 95 ரூபாய்தான் வரும்" என்றார். காயப்போடக் களமும் இல்லை, வெயிலும் இல்லை. றோட்டோரம் படங்கு விரிக்கலாமென்றால் அங்கே முன்னமே ஆட்கள் இடம் பிடித்துவிட்டார்கள். 3000 கிலோ லொறியில் ஏறிப் போனது. வீட்டுத் தேவைக்குப் பத்து மூடை மட்டும் வைத்திருக்கிறேன்.

05.02.2025, புதன்

இன்றைக்கு அரசாங்க விலையை அறிவித்தார்கள். கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132. ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். காய்ந்தால் எடை இறங்கும், அதையும் கழிக்கத்தான் வேண்டும். 3000 கிலோ 2800 ஆனது என்று வைத்தாலும் 120 வீதம் 336,000 வந்திருக்கும். என் கைக்கு வந்தது 285,000. 51,000 ரூபாய் போய்விட்டது. உரமானியத்தை ஹெக்டேருக்கு 25,000 ஆக்கியது இதே அரசாங்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. என் காணிக்கு அது 40,000 அளவில் வரும். அதையும் சேர்த்தல்லவா அந்த லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்!

ஆளும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டவன் நான். அதனால்தான் கூடுதலாகக் கோபம் வருகிறது. கிழக்கில் அறுவடை தையில் தொடங்கும் என்பது ஒரு இரகசியமா? விதைப்பு முடிந்த அன்றே நாள் எண்ணத் தெரியாதா?

09.02.2025, ஞாயிறு

பகல் பதினொன்றரைக்கு முன்னமே நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். அமைச்சரே சொல்கிறார். நெல் விலை பிந்தியதற்கு எந்த விலங்கைப் பிடிப்பார்களோ.

11.02.2025, செவ்வாய்

மச்சானோடு பின்னேரம் வரம்பில் இருந்து கதை. அவர் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டவர். நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் திசைகாட்டி வெல்லாத ஒரே மாவட்டம் மட்டக்களப்புதான், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

"சரி மச்சான், உங்கட மூண்டு எம்பிமாரும் நெல்லைப் பற்றி என்ன கதைச்சவங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவங்களிட்ட அதிகாரம் இல்லயே" என்றார்.

அதிகாரம் வேறு யாரிடம் இருக்கிறது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆளுநர் இருக்கிறார், ஆனால் நாங்கள் வாக்குப் போட்டு வந்தவரல்ல. பிரதேச சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அப்போது காசில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டது முந்திய அரசாங்கம். ஆக, ஜனாதிபதியை விட்டால், நாங்கள் தெரிவு செய்து இன்றைக்குப் பதவியில் இருப்பது எங்கள் மாவட்டத்துக்கு ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்கள் மட்டும்தான். மாகாண சபையில் ஒரு விவசாய அமைச்சர் இருந்திருந்தால், தை மாதம் வெட்டு என்று அவருக்குப் படிப்பிக்க வேண்டி வந்திருக்காது. புதிய அரசாங்கத்தாரும் மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி சொல்கிறார்களில்லை. மாகாண அதிகாரம் வேண்டும் என்று மேடைக்கு மேடை கேட்கிற எங்கள் ஆட்களும், அது கிடைத்தால் நெல்லுக்கு என்ன செய்வோம் என்று ஒரு வரி சொன்னதில்லை.

மச்சான் எழும்பி, "மாடு அவிழ்க்கணும்" என்று போய்விட்டார். கோபம்தான். நாளைக்கு வருவார்.

17.02.2025, திங்கள்

வரவு செலவுத் திட்டம். நெல் வாங்க 500 கோடி ஒதுக்கியிருக்கிறார்களாம். நல்லது. எங்கள் வட்டையில் இப்போது வெட்டி முடிந்த ஒட்டுக்கட்டையும் கொக்கும்தான் நிற்கிறது.

பங்குனியில் சிறுபோக ஆரம்பக் கூட்டம் வரும். தண்ணீர் திறக்கிற திகதி, விதைப்பு முடிக்கிற திகதி எல்லாம் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். விலை சொல்கிற திகதிக்கும் ஒரு வரி விடச் சொல்லி எழும்பிக் கேட்கப் போகிறேன். மச்சானும் வருகிறாராம்.