அவல உபபம

அண்ணாச்சியின் உணவகத்துக்கு இணையத்தில் ஆர்டர் வாங்கும் பக்கம் ஒன்று உண்டு. அதை முதலில் எழுதிக் கொடுத்த இளைஞர் வெளியூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டதால், அதன் பராமரிப்பு என் தலையில் விழுந்தது. சமையலறைச் சீட்டில் 'அவல உபபம 2 கழக கழமப 1' என்று அச்சாகி வந்ததாகவும், அதைப் படித்த மாஸ்டர், "நம்ம உப்புமாவை எவனோ திட்டி எழுதியிருக்கான்" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டதாகவும் அண்ணாச்சி தொலைபேசியில் சொன்னார். வாடிக்கையாளர் கேட்டிருந்தது அவல் உப்புமாவும் கோழிக் குழம்பும்தான்.

வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்வதைச் சுத்தம் செய்ய அந்த இளைஞர் எழுதியிருந்த ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் குறிவரி), திரையின் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கத்தையும் தாண்டி ஓடியது. அதற்கு மேலே, அவர் முதலில் எழுதிக் கைவிட்ட வரியும் அழிக்கப்படாமல் கிடந்தது. அதில் 'பேக்ஸ்லாஷ் டபிள்யூ'வில் அடங்காததையெல்லாம் நீக்கச் சொல்லியிருந்தார். இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறிக்குள் அடங்குபவை ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், அடிக்கோடு என மொத்தம் 63 மட்டுமே என்பதால், தமிழும் இடைவெளிகளும் அழிந்து, சமையலறைக்கு 21 என்ற எண் மட்டும் போயிருக்க வேண்டும். எதில் இருபத்தொன்று என்பது மாஸ்டரின் ஊகத்துக்கு விடப்பட்டிருக்கும்.

பிறகு அவர், 2018ஆம் ஆண்டு ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்கப்பட்ட யுனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து இனம் பிரிக்கும் தரநிலை) வசதியைக் கண்டுபிடித்து, எந்த மொழியின் 'லெட்டர்' ஆனாலும் வைத்துக்கொள் என்று மாற்றியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் யுனிகோடில் 'அ'வும் 'க'வும் லெட்டர். புள்ளியும், கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் 'மார்க்' என்ற தனி இனம். ஆகவே கோழி கழ ஆனது, தோசை தச ஆனது, வடை மட்டும் ஓரளவு தப்பித்து வட ஆனது. மார்க் இனத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் போதும். அவரோ ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தனி விதிவிலக்கு எழுதிக்கொண்டே போய், உப்புமாவுக்கு வருமுன் ஊரைவிட்டே போய்விட்டார்.

வரியின் வால்பகுதி, இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களை நீக்குவதற்கானது. இத்தகைய ரெஜெக்ஸ் ஒன்றுதான், ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்த ஒரு பதிவில் சிக்கி, ஒவ்வொரு வெற்றிடத்திலிருந்தும் மறுபடி எண்ணத் தொடங்கி, சுமார் 20 கோடி முறை சரிபார்த்து, 2016 ஜூலையில், நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை 34 நிமிடம் படுக்கவைத்தது. அந்த வேலைக்கு 'டிரிம்' என்ற சொல் ஜாவாஸ்கிரிப்டிலேயே 2009 முதல் இருக்கிறது.

இத்தனையும் எதற்காக என்று தேடியபோதுதான், யாரேனும் பெட்டிக்குள் நிரல் துண்டை எழுதி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் புரிந்தது. வந்த சொற்களை, எதையும் பக்கத்தின் நிரலாகவே எடுத்துக்கொள்ளும் 'இன்னர் ஹெச்டிஎம்எல்' வழியாகப் பக்கத்தில் ஒட்டியதால் வந்த அச்சம் அது. 'டெக்ஸ்ட் கன்டென்ட்' வழியாக ஒட்டினால் எவ்வளவு பொல்லாத நிரலும் வெறும் எழுத்தாகவே தெரியும் என்பதால், எந்த எழுத்தையும் நீக்கத் தேவையில்லை. அதை மாற்றிவிட்டு, மிச்சத்தை மூன்று சிறு வரிகளாக்கினேன்: கொம்பும் காலும் தனித்தனியே தட்டச்சான 'கொத்து'வையும் ஒரே குறியாக வந்த 'கொத்து'வையும் ஒன்றாக்கும் நார்மலைஸ், தொடர்ந்து வரும் வெற்றிடங்களைச் சுருக்கும் குட்டி ரெஜெக்ஸ், கடைசியில் டிரிம்.

மறுநாள் அண்ணாச்சி மீண்டும் அழைத்தார். "சாம்பார் நிறைய வேண்டும்" என்று எழுதிய ஒருவர், வரிசையாக ஆச்சரியக்குறிகளையும் தட்டிவிட்டிருந்தார். இப்போது அவையும் அச்சாகவே, மங்கலான சீட்டில் மாஸ்டர் அதை 1111 என்று படித்துவிட்டு, இத்தனை வாளி சாம்பாருக்குப் பருப்பு எங்கே என்று கேட்டாராம். ஒன்றுக்கு மேற்பட்ட ஆச்சரியக்குறிகளை ஒன்றாக்க நான்காவது வரி ஒன்றைச் சேர்த்தேன். "ஒண்ணே ஒண்ணு வந்தால் பரவாயில்லை, ஒரு வாளி ஊற்றிவிடலாம்" என்றார் அண்ணாச்சி.