டர்பனில் வணிக வழக்கு: காலம் யார் பக்கம் ஓடுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சட்ட நிறுவனத்தின் வணிக வழக்குப் பிரிவில் பணிபுரிகிறேன் என்று சொன்னால், நாள்தோறும் கறுப்பு அங்கியுடன் நீதிபதி முன் நின்று வாதாடுவதாகவே பெரும்பாலோர் எண்ணிக்கொள்கிறார்கள். இந்நாட்டில் ஆட்டர்னி வேறு, அட்வகேட் வேறு. கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு, ஆவணங்களைத் திரட்டி, மனுக்களைத் தயாரித்து, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் வாதாட அட்வகேட்டை அமர்த்துவது ஆட்டர்னியின் வேலை. 1995ஆம் ஆண்டிலிருந்தே உரிய சான்றிதழ் பெற்ற ஆட்டர்னியும் உயர் நீதிமன்றத்தில் வாதாடலாம் என்றாலும், பெரிய வழக்குகள் இன்றும் அட்வகேட்டிடமே போகின்றன. எங்கள் உழைப்பில் பெரும்பகுதி கோப்புகளுக்குள்தான் கழிகிறது.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் வணிகர்களின் சிக்கல்கள் ஏறத்தாழ ஒரே வகையானவை: சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை, கட்டடம் எழும்பிவிட்டது, கடைசித் தவணை நிற்கிறது, அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கடையில் கணக்குப் பொருந்தவில்லை. வந்தவர் தம் பக்கத்து நியாயத்தை முழுவதும் சொல்லிவிட விரும்புவார். நான் முதலில் கேட்பதோ, அந்தப் பணம் எந்தத் தேதியில் கொடுபட வேண்டியதாக இருந்தது என்பதைத்தான். 1969ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்குக் கெடு மூன்று ஆண்டு. கடன்பட்டவர் யார், கடன் எதனால் உண்டானது என்பது கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நியாயமான கவனத்துடன் இருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் பிறகு நாள் ஓடத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டு வணிகப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வழக்குக்கு வருபவர் இந்த இடத்தில்தான் இடறி விழுகிறார். இந்தியாவிலும் ஒப்பந்தக் கடனுக்கு மூன்று ஆண்டுதான். ஆனால் அங்கே கெடு முடிந்தால் வழக்குத் தொடரும் வழிதான் அடைபடுகிறது, கடன் கடனாகவே நிற்கிறது. இங்கே கடனே அற்றுப்போகிறது. அங்கே நீதிமன்றத்தில் மனுவைப் பதிவுசெய்த நாள் கணக்கில் கொள்ளப்படுகிறது. இங்கே சம்மன் கடனாளியிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டால்தான் ஓட்டம் நிற்கும். ஆகவே கடைசி நாளன்று வழக்கு எண் வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்தவர், சம்மன் சேர்ப்பிக்கும் அலுவலரான ஷெரிப் மறுநாள் அதைக் கொடுத்ததால் எல்லாவற்றையும் இழக்க நேரிடலாம். இன்னொரு வேறுபாடும் உண்டு: கெடு கடந்ததை இந்திய நீதிமன்றம் தானாகவே கவனித்து வழக்கைத் தள்ள வேண்டும்; இங்கே எதிர்த்தரப்பு அதை எழுப்பாவிட்டால் நீதிபதி தாமாக எழுப்ப முடியாது. எழுப்பாத எதிர்த்தரப்பை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கலாம், ஆனால் அத்தகைய வக்கீல் அகப்படுவது அரிது.

வக்கீல் நோட்டீஸ் எத்தனை அனுப்பினாலும் இந்தக் கெடு ஒரு நாள்கூட நிற்காது என்பதை நான் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. உறவுக்காரரை வழக்குக்கு இழுக்கக் கூசி, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பேசட்டும், ஆனால் பேச்சு நடக்கும்போதே ஒரு கடன் ஒப்புகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடட்டும். கடனை ஒப்புக்கொண்டால் கெடு புதிதாக எண்ணப்படும் என்று அதே சட்டம் சொல்கிறது. கையெழுத்துக் கேட்பது அவமதிப்பு என்று நினைக்கும் குடும்பங்களில்தான் வழக்குகள் மிகக் கசப்பாக முடிவதைப் பார்க்கிறேன்.

அடுத்தது வட்டி. ரோமன்-டச்சு சட்டத்தின் வழியாக இந்நாட்டுக்கு வந்த 'இன் டூப்லம்' விதியின்படி, கட்டாமல் நிற்கும் வட்டி அசலுக்குச் சமமானதும் மேற்கொண்டு ஏறாது. ஒரு லட்சம் ராண்ட் அசலுக்கு நிலுவை வட்டி ஒரு லட்சத்தைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். பழைய இந்து தருமச் சட்டத்தில் 'தாம்துபட்' என்று வழங்கிய விதியும் ஏறத்தாழ இதையே சொன்னது; இரு வேறு மரபுகள் கடனாளியின் கழுத்தைக் காக்க ஒரே வரம்பை வகுத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வழக்குத் தொடுத்த நாளிலிருந்து வட்டி மீண்டும் ஏறத் தொடங்கும் என்று முன்பு மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியிருந்தது. 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கு நடக்கும் காலத்திலும் வரம்பு தொடரும், தீர்ப்புக்குப் பின்னரே வட்டி புதிதாக ஓடும் என்று முடிவுசெய்தது. ஏழைக் கடனாளிக்கு இது நியாயமான பாதுகாப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொடுக்கத் தகுதியிருந்தும் இழுத்தடிக்கும் ஒரு நிறுவனத்துக்கு, வரம்பைத் தொட்ட பிறகு ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் வட்டியில்லாக் கடனாகிவிடுகிறது.

தாமதம் எவ்வளவு நீளக்கூடும் என்பதை ஜொஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா நீதிமன்றங்கள் காட்டிவிட்டன. 2031ஆம் ஆண்டு வரை விசாரணைத் தேதிகள் ஒதுக்கப்பட்டுவிட்ட நிலையில், அவ்விரு நகரங்களும் அடங்கிய கௌடெங் மாகாணத்தின் உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில், விசாரணைத் தேதி கேட்பவர் முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நாடு முழுவதற்குமான உயர் நீதிமன்ற விதி 41ஏ 2020 மார்ச்சிலிருந்தே நடைமுறையில் உள்ளது; அதன்படி சமரசத்துக்கு உடன்படுகிறாரா, இல்லையெனில் ஏன் என்று ஒவ்வொரு தரப்பும் எழுத்தில் சொல்ல வேண்டும். பெரும்பாலான வக்கீல்கள் அதைச் சடங்காகவே நிரப்பி அனுப்புகிறார்கள்.

சாட்சிகளை விசாரிக்காமல் பிரமாணப் பத்திரங்களின் பேரிலேயே தீர்ப்புக் கேட்கும் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. உண்மையான தகவல் முரண்பாடு எழுந்துவிட்டால், பெரும்பாலும் எதிர்மனுதாரர் சொன்னதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும் என்று 1984இன் பிளாஸ்கன்-எவன்ஸ் தீர்ப்பு வகுத்துவிட்டதால், கணக்கும் கையெழுத்தும் துல்லியமாக உள்ள கோப்புகளுக்கே அது பொருந்தும்.

சமரசம் என்றதும் இந்த ஊரில் காந்தியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1893இல் அவர் டர்பனில் வந்து இறங்கியதே தாதா அப்துல்லா நிறுவனத்தின் 40,000 பவுன் வணிக வழக்குக்காகத்தான். எதிர்த்தரப்பு வணிகரும் அப்துல்லாவின் ஊர்க்காரர், உறவினர். காந்தி இருவரையும் நடுவரிடம் செல்ல இணங்கவைத்தார். நடுவர் தாதா அப்துல்லாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். எல்லோரும் இத்துடன் கதையை நிறுத்திவிடுகிறார்கள். என் தொழிலுக்குப் பாடம் அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது: தோற்றவரால் 37,000 பவுனையும் செலவுத் தொகையையும் ஒரே தடவையில் கட்ட இயலாது, கட்டச் சொன்னால் திவாலாவார் என்பதைக் கண்டு, நீண்ட தவணைக்கு வென்றவரைக் காந்தி சம்மதிக்க வைத்தார். இருவரையும் நடுவரிடம் செல்ல இணங்கவைத்ததைவிட அந்தத் தவணைக்கு இணங்கவைப்பதே கடினமாக இருந்தது என்று அவரே பின்னாளில் எழுதினார். வென்ற கட்சிக்காரரிடம் தவணைக்கு ஒப்புக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்த எவருக்கும் அது விளங்கும்.

திருப்பூரிலிருந்து துணி இறக்குமதி செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்நியத் தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்றுவதற்கான 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தென்னாப்பிரிக்கா குறிப்பிட்டுள்ள நாடு நமீபியா ஒன்றுதான். இந்திய நீதிமன்றத் தீர்ப்போடு இங்கே வருபவர், அதன் பேரில் புதிய நடவடிக்கை தொடங்க வேண்டியிருக்கும். நடுவர் தீர்ப்புக்கு அந்தத் தடை இல்லை. நடுவர் தீர்ப்புகளைப் பிற நாடுகளில் நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இந்நாடு 1976இல் சேர்ந்தது, 2017ஆம் ஆண்டின் பன்னாட்டு நடுவர் தீர்ப்புச் சட்டம் வழியை மேலும் தெளிவாக்கியது. ஆகையால் ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவை எழுதும்போது, எந்த நகரில், எந்த அமைப்பின் விதிகளின்படி, எத்தனை நடுவர்கள் என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஆனால் நடுவருக்கான கட்டணத்தைத் தரப்பினரே ஏற்க வேண்டியிருப்பதால், சிறு தொகைகளுக்கு இது கட்டாது. 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியில்லை, எனவே எங்களுக்கு வருமானமும் இல்லை. 18,000 ராண்ட் நிலுவையோடு வருபவரை நான் அங்கேதான் அனுப்புகிறேன், அவருடைய கடை அவர் பெயரிலேயே நடக்கும் பட்சத்தில். கம்பெனியாகப் பதிவான கடை அங்கே வழக்குத் தொடர முடியாது. அது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.