இரண்டாம் டிராம்போனுக்கு வில்லியனூர் என்று பெயர்

எங்கள் பேண்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். "நெல்லித்தோப்பு இன்னும் வரல", "அரியாங்குப்பத்துக்குக் காய்ச்சலாம்" என்றுதான் பேச்சு. கல்யாண பேண்டு செட்டுகளில் இருந்து வந்த பழக்கம் இது. நாலு செட்டில் ஆள் பிடித்து ஒரு ஊர்வலத்துக்கு அனுப்பும்போது ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், ஊரைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். வீட்டில் பியானோ சொல்லிக்கொடுப்பதால் எனக்கு மட்டும் "டீச்சர்".

நான் ஜாஸ் பிக் பேண்டுக்கு இசை எழுதுகிறேன். புதுச்சேரியில் அதை வாசிக்க ஒரு குழுவையும் 11 வருடமாக நடத்தி வருகிறேன். பிக் பேண்டு என்றால் வழக்கமாக 17 பேர்: சாக்ஸபோன் 5, டிரம்பெட் 4, டிராம்போன் 4, பிறகு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். பாரிசில் இரண்டு வருடம் அரேஞ்சிங், அதாவது பாட்டை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவது, படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது பெட்டியில் எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய மூன்று முழு ஸ்கோர் இருந்தது. 17 பேரைத் தேடிப் போனேன். 14 பேர்தான் கிடைத்தார்கள். கல்யாண செட்டுக்காரர்கள், தேவாலயத்தில் ஊதுபவர்கள், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்ற இருவர், நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து சாக்ஸபோனுக்கு மாறிய ஒருவர். கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பாரிடோன் சாக்ஸ் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. அரியாங்குப்பத்துக்காரரிடம் யூஃபோனியம் என்ற கனத்த ஒலியுள்ள பித்தளை வாத்தியம் இருந்தது, பாரிடோன் சாக்ஸ் வாசிக்க வேண்டிய பார்ட்டை அவருக்கு மாற்றி எழுதினேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு காலத்தில் தறி ஓடிய நீளமான அறை எங்களுக்குக் கிடைத்தது. முதல் ரிகர்சல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பாரிசில் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டைத்தான் எடுத்தேன். நான்கு டிரம்பெட்டும் சத்தத்தை அடக்கும் மியூட் போட்டு, கேட்கிறதா இல்லையா என்கிற மாதிரி மெல்ல உள்ளே வர வேண்டும். நான்கு பேரும் தெரு முனை வரை கேட்கும்படி வந்தார்கள். இன்னும் மெதுவாக என்றேன். மெதுவாக ஊதினால் சுருதி இறங்கியது, சத்தம் உடைந்தது. மூன்று மாதம் அந்த எட்டு பாரிலேயே, எட்டு தாளக் கட்டத்திலேயே, கிடந்தோம். இவர்களால் முடியாது என்று இரவில் அழுதிருக்கிறேன். அந்த மூன்று மாதமும் குற்றத்தை அவர்கள் தலையில் போட்டதை நினைத்தால் இப்போதும் மனசு கூசுகிறது.

பிறகு ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்கள் பின்னாலேயே நடந்து போனேன். பக்கத்தில் ஜெனரேட்டர் வண்டி உறுமுகிறது, இரண்டு பக்கமும் தலையில் லைட் சுமந்து வருகிறார்கள், பஸ் ஹாரன், வெடி. இதற்கு நடுவில் நடந்துகொண்டே இரண்டரை மணி நேரம் ஊதுகிறார்கள். பித்தளை வாத்தியக்காரருக்கு உதடுதான் மூலதனம், உச்ச ஸ்வரங்களில் அது சீக்கிரம் களைத்துவிடும். இவர்கள் களைக்கவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் அந்த வரியைப் பிடித்துக்கொள்கிறார். கண்ணைக்கூடப் பார்ப்பதில்லை, தோள் அசைவிலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு எந்தப் பள்ளியிலும் யாரும் சொல்லித்தராதது அது. நான் எழுதியதோ முன்பின் பார்த்திராத யாரோ நான்கு டிரம்பெட்காரர்களுக்கு. இந்த நான்கு பேருக்கு நான் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அமெரிக்க ஜாஸ் பேண்டுத் தலைவர் டியூக் எலிங்டனின் பார்ட்டுகளைப் பற்றிப் படிக்கும்போதே கேள்விப்பட்டிருந்தேன். "முதல் ஆல்டோ", "மூன்றாம் டிரம்பெட்" என்று எழுதுவதற்குப் பதிலாக வாசிப்பவரின் பெயரையோ செல்லப் பெயரையோ அவர் எழுதுவாராம். அவர் பேண்டில் பாரிடோன் சாக்ஸ் வாசித்த ஹாரி கார்னி 1927-ல் 17 வயதில் சேர்ந்து, 1974-ல் எலிங்டன் மறையும்வரை கூடவே இருந்தார். அந்த மனிதர் எந்த ஸ்வரத்தில் எப்படி ஒலிப்பார் என்று 47 வருடம் கேட்ட காது அவர் பார்ட்டை எழுதியது. 1963-ல் எலிங்டன் தன் பேண்டோடு இந்தியாவுக்கும் வந்துபோனார். பாரிசில் இதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது. அந்த ஊர்வலத்துக்கு மறுநாள், எழுதிய எல்லாப் பார்ட்டுகளின் தலையிலும் ஊர்ப் பெயரைப் போட்டேன். இரண்டாம் டிராம்போன், வில்லியனூர்.

தலைப்பை மாற்றினால் போதாது, உள்ளே இருப்பதும் மாற வேண்டும் என்பதை ஆல்டோ சாக்ஸ்காரர் புரியவைத்தார். சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது, ஸ்வரம் சொன்னால் ஒரு தடவையில் பிடித்துக்கொள்வார். அவர் பார்ட்டை ஸரிகம எழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். நவீன ஜாஸில் பல பாட்டுகளில் சில பாருக்கு ஒருமுறை சுருதி மையம் நகர்ந்துகொண்டே இருக்கும். நானும் படித்த ஒழுங்குப்படி ஒவ்வொரு நகர்வுக்கும் புதிதாக ஸ போட்டு எழுதினேன். பத்தாவது பாரில் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டார்.

"டீச்சர், ஸா எங்க போச்சு?"

"மாறிடுச்சு மாஸ்டர். இப்ப உங்க பழைய மா தான் ஸா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப கிரக பேதம்னு சொல்லுங்க. ஆனா அதுல ஆதார ஸட்ஜம் மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க அதையும் சேத்துப் புடுங்கிடுறீங்களே."

அவர் சொன்னது சரி. அதன் பிறகு பாட்டு முழுவதற்கும் ஒரே ஸ வைத்து எழுதினேன். மையம் எங்கே நகர்ந்தாலும் தன் ஆதாரத்தில் நின்றபடி அவர் அதை அளந்துகொண்டார். இன்னொரு சிக்கலும் இருந்தது. மற்ற சாக்ஸ்காரர்கள் நேராகப் பிடிக்கும் ஸ்வரத்தில் அவர் கமகம் கொடுப்பார். ஐந்து பேர் ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் வழுக்கினால், சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு கலைந்துவிடும். கமகத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது அவருடைய குரல். அவரை முதல் ஆல்டோவில் இருந்து எடுத்து, மற்ற நால்வருக்கும் மேலே தனியாக மிதக்கும் ஒரு வரியை எழுதினேன். எங்கள் பேண்டின் ஒலியைக் கேட்டதும் அடையாளம் தெரிகிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் அந்த வரி.

ஸ்விங் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன், அது சுலபமாக வந்தது. தாளில் இரண்டு சம அரைத்தட்டு ஸ்வரங்களாக இருப்பதை முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் வாசிக்க வேண்டும். டிரம்ஸ்காரரிடம், "தகிட சொல்லுங்க, கி-யை மட்டும் முழுங்குங்க" என்றேன். சிரித்துவிட்டு உடனே வாசித்தார். திஸ்ர நடை தெரிந்தவருக்கு அது புதிதில்லை. வேகம் கூடும்போது அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிச் சமத்தை நெருங்கும் என்பதைத்தான் பழக வேண்டியிருந்தது. மியூட்டுக்கும் ஊரிலேயே வழி கிடைத்தது. அமெரிக்க ஜாஸில் கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை டிரம்பெட் வாயில் மூடித் திறந்து 'வா வா' என்று பேசவைப்பார்கள். நெல்லித்தோப்பு அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வழவழவென்று தேய்த்த கொட்டாங்குச்சி கொண்டுவந்தார். ரப்பரைவிட வறண்ட, கூர்மையான ஒலி. அதற்காகவே 16 பார் எழுதினேன்.

இனி வில்லியனூர்.

அவர் வந்தபோது வயது 58. சின்ன வயதில் தேவாலயத்தில் ஸ்லைடு டிராம்போன் பழகி, பிறகு கல்யாண செட்டில் 30 வருடம் ஊதியவர். அதிகம் பேச மாட்டார். அவர் ஊரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆற்றின் பெயரிலேயே 12 நிமிடத்துக்கு ஒரு பாட்டு எழுதினேன். செஞ்சிப் பக்கம் இருந்து வந்து, கடலை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று அது இரண்டாகப் பிரிகிறது. பெயரிலேயே சங்கராபரணம் இருப்பதால் அந்த ஸ்வரங்களில் தொடங்கினேன், மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் அதே ஏழுதான். முடிவில் நான்கு டிராம்போனும் மேல் ஸ்தாயிக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். உச்சி ஸ்வரம் வில்லியனூருக்கு. அவர் அந்த ஸ்வரத்தில் கொஞ்சம்கூட இறுக்கம் காட்ட மாட்டார், ஒலி அகலமாக விரியும். அதை மனதில் வைத்துத்தான் முழுப் பாட்டையும் பின்னால் இருந்து முன்னால் எழுதினேன்.

ஐந்து வருடம் அப்படியே வாசித்தோம். ஆறாவது வருடம் அவருக்கு மேல் முன்பல் ஆடத் தொடங்கி, எடுத்துவிட்டார்கள். மௌத்பீஸை உதட்டின் மேல் அழுத்தும்போது உதட்டைப் பின்னால் இருந்து தாங்குவது பல்தான். அது போனால் மேல் ஸ்வரங்கள் முதலில் போகும். இரண்டு ரிகர்சலுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதில் பார்ட்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

"வேற ஆளப் பாத்துக்குங்க டீச்சர். கல்யாணத்துக்கும் இனிமே போகல."

"கீழ என்ன வருதுண்ணே?"

வாத்தியத்தை எடுத்தார். ஆறாவது பொசிஷனில், ஸ்லைடு ஏறக்குறைய கைநீளம் முழுவதும் போகிற இடத்தில், ஒரு கீழ் எஃப் ஸ்வரம் ஊதினார். ஓரத்தில் காற்று கசிந்தது. நடுவில் அந்தப் பழைய அகலம் அப்படியே இருந்தது.

அன்று இரவே முடிவை மாற்றத் தொடங்கினேன். ஏற்றத்தை எடுத்துவிட்டேன். மற்ற மூன்று டிராம்போனும் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும், கடைசியில் அந்த எஃப் மட்டும் நிற்கும். ஆனால் கீழ் ஸ்வரம் நிறைய மூச்சு கேட்கும், அவருக்கோ வயது 63. எட்டு பார் நிற்க வேண்டிய ஸ்வரம் ஒருநாள் ஐந்து பார் நிற்கும், ஒருநாள் மூன்று. எத்தனை பார் என்று எழுதவில்லை. அவர் எங்கே விடுகிறாரோ அங்கே யூஃபோனியம் அதே ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் குறித்தேன். ஊர்வலத்தில் பார்த்த வித்தைதான். நான் மேடையில் கையைத் தாழ்த்திவிட்டு அவர் தோளைப் பார்ப்பேன். தோள் இறங்கத் தொடங்கியதும் யூஃபோனியத்துக்கு இடது கை. சில நாட்களில் என் கை எழும்பும் முன்பே யூஃபோனியக்காரர் எடுத்துவிடுவார்.

முதல் தடவை அது ஒழுங்காக அமைந்தபோது யூஃபோனியக்காரர்தான் கண்டுபிடித்தார். "டீச்சர், வில்லியனூர்ல இருந்து அரியாங்குப்பத்துக்கு வருது. ஆறு மாதிரியே."

நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் அவ்வளவு சரியாக வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கச்சேரிக் கூலியில் ரிகர்சல் கூலி ஈடாவதில்லை, மீதியைப் பியானோ பாடம் ஈடுகட்டுகிறது. ஒருமுறை விழா நடத்தியவர்கள் பாதிப் பணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், மீதிப் பாதியைத் திரும்பத் திரும்பக் கேட்டே ஒரு வருடம் போனது. நாள் குறிப்பதுதான் உண்மையான பாடு. முகூர்த்த நாளில் எங்களுக்கு ஆளே இருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லை என்று பார்த்தால் அம்மன் கோயில் ஊர்வலம், மார்கழியில் கிறிஸ்துமஸ். வானிலையும் சேர்ந்துகொள்ளும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் சாக்ஸின் ஓட்டைகளை மூடும் பேடுகள் உப்பிச் சரியாக மூட மறுக்கும். நியூயார்க்கில் டிரம்பெட்காரர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ்காரர் மெல் லூயிஸும் 1966-ல் தங்கள் பேண்டுக்குத் திங்கட்கிழமை இரவைப் பிடித்தார்கள். வாசிப்பவர்களுக்கு வேறு வேலை குறைவாக இருக்கும் இரவு அது. எங்களுக்கு அஷ்டமி, நவமி. பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் ரிகர்சல் அட்டவணை போடுகிறேன்.

போன வருடம் வில்லியனூர் வருவதை நிறுத்திக்கொண்டார். மூச்சு போதவில்லை. வாத்தியத்தை விற்காமல் துணி சுற்றி அலமாரி மேல் வைத்திருக்கிறார், நானே போய்ப் பார்த்தேன். அவர் நாற்காலி நான்கு மாதம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு கடலூரில் இருந்து 22 வயதுப் பையன் ஒருவன் வந்தான். நல்ல வாசிப்பு, நொட்டேஷன் படிப்பான், பல் எல்லாம் திடமாக இருக்கிறது. பழைய பார்ட்டையே அவன் ஸ்டாண்டில் வைத்துத் துணி கிளிப் போட்டேன். மேல் ஓரத்தைப் பார்த்தான்.

"டீச்சர், இதுல வில்லியனூர்னு போட்டிருக்கு. நான் திருப்பாதிரிப்புலியூர்."

முழுப் பேண்டும் என்னைப் பார்த்தது. அரியாங்குப்பம் தலையைக் குனிந்து வால்வுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பைக் கழற்றி அந்தத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"இது உனக்கு எழுதினது இல்லப்பா. நீ சும்மா ஊதிக்காட்டு. எது வேணா, எவ்வளவு நேரம் வேணா."

அவன் கூச்சத்தோடு எழுந்து நின்றான். பென்சிலையும் வெறும் தாளையும் எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.